காரச் சுருட்டுக்குக் கறுப்பு பீர்

சந்திரகிரிப் பக்கம் போகும் சாலையில் நெடுந்தூரம் நடந்த பிறகுதான், உடம்பில் இன்னும் பாரின் கறுப்புச் சட்டை இருப்பதைக் கவனித்தேன். முன்பக்கம் வாந்தி காய்ந்து விறைத்திருந்தது. எதிரே மஞ்சள் வேட்டியும் கோவிந்தா முழக்கமுமாக மலைக்கு நடந்து வந்த கூட்டம் என்னைக் கண்டதும் சாலையின் மறுபக்கம் ஒதுங்கியது. ஒரு பஞ்சர் கடைத் தொட்டியில் சட்டையை அலசிப் பிழிந்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு மேலே நடந்தேன். பின்னால், திருப்பதியில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மனிதர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் கிடந்தார். மத்தியானம் அவருக்குச் சுருட்டும் பீரும் கொண்டுபோய் வைத்தவன் நான்.

பார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். தட்டு பிடிப்பதையும் நுரை வழியாமல் ஊற்றுவதையும் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கார்வேட்டிநகரத்தில் புத்தூர் பஸ் ஏறிய நாளிலிருந்து எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை. சாந்திபுரத்தில் தக்காளி மூட்டை தூக்கினேன். ஸ்ரீசிட்டியில் அட்டைப் பெட்டி கட்டினேன். ஓசூரில் பாட்டில் கழுவினேன். சில நாள் சாப்பாடு இருந்தது, சில நாள் இல்லை. பல ஊர்களில் பஸ் ஸ்டாண்டுதான் வீடு. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை இடம் சுற்றியும், அந்த மத்தியானத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

திருப்பதி மலை மேல் மதுவும் புகையும் கிடையாது. தரிசனம் முடித்து இறங்குகிறவர்களில் சிலர் நேராகக் கீழே இருக்கும் பார்களுக்குத்தான் வருவார்கள். நான் இருந்த பார் புதிது. புகை பிடிக்கிறவர்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு தோட்டம் விட்டிருந்தார்கள். சர்வர்களான எங்களுக்கு மேலே இருந்தவரைக் கேப்டன் என்போம். பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்தவர். சுருட்டும் பீரும் சேர்த்துக் கொடுப்பது அவருடைய ஏற்பாடு. நாங்கள் அதை ஜோடி என்று சொல்வோம்.

ஜோடி போடுவதில் அவர் கெட்டிக்காரர். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. காரச் சுருட்டுக்குச் சாதாரண பீரை வைத்தால் பீர் காணாமல் போய்விடும். வாயில் சோடாவும் சாம்பலும்தான் மிஞ்சும். கசப்பான பீரை வைத்தால் கசப்போடு கசப்பு சேர்ந்து நாக்கு மரத்துப்போகும். பார்லியைக் கருக வறுத்துக் காய்ச்சிய கறுப்பு பீர்தான் அதற்குச் சரி. அதில் காப்பிக்கொட்டையும் பாகு வெல்லமும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை இருக்கும். சுருட்டின் மிளகுக் காரம் வந்து இறங்கும்போது அந்த இனிப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். பீர் ஐஸாக இருக்கக் கூடாது, குளிரில் நாக்குக்கு ருசி தெரியாது. முதலில் ஒரு வாய் பீர். பிறகு ஒரு இழுப்பு. புகையை வாயிலேயே வைத்திருந்து ஊதிவிட வேண்டும், நெஞ்சுக்கு இறக்கக் கூடாது. இதையெல்லாம் கேப்டன் எங்களைக் குடிக்க வைத்தே புரிய வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் வயிற்றில் ஜோடி கூடாது என்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. எழுதி மாட்டியிருக்காது, ஆனால் நான் வேலை செய்த எல்லாப் பார்களிலும் அது இருந்தது. வீட்டிலிருந்து யாராவது வந்து, இன்னார் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நம் கண்ணெதிரே சிரித்துக்கொண்டிருந்தாலும் இல்லைதான்.

அன்று மத்தியானம் இரண்டு மொட்டைத் தலைகள் தோட்டத்துக்குள் வந்தன. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பெரியவர் ஏகாம்பரம், நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர், ஐம்பதை ஒட்டிய வயது. கூட வந்தவர் அவர் மனைவியின் தம்பி குமார். மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். மாமனுக்குப் பெரிய மனுஷன் மாதிரி ஒரு சுருட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"உள்ளதுலயே காரமா இருக்கறத குடு" என்றார் குமார்.

கேப்டன் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "சார், முதல் தடவைன்னா லைட்டா ஒண்ணு எடுத்துக்கலாமே."

"யாருக்கு லைட்டு? எங்க மாமா கட்டு கட்டா பீடி குடிச்சவருபா. சாமிக்காக ஒரு மண்டலமா உட்டுட்டு இருக்காரு. அவ்ளோதான்."

சுருட்டை வெட்டிக் கொடுத்து, கறுப்பு பீரை ஊற்றி வைத்தேன். "சாப்பிட என்ன சார்? வேர்க்கடலை மசாலா கொண்டுவரவா?" என்று கேட்டேன்.

ஏகாம்பரம் இரண்டு கைகளையும் ஆட்டினார். "வேணாம்பா. அந்தச் சட்டியிலதான் கோழியும் வறுப்பீங்க. வீட்டுக்குப் போயி, சாமி கும்பிட்டு, பிரசாதத்தப் பங்கு வெச்சிட்டுதான் எதுவும் துன்னணும். அதுவரைக்கும் பட்டினிதான். காலையில மலை மேல துளி லட்டு வாயில போட்டதுதான்."

"பீர் குடிக்கலாமா சார்?"

"பீருல இன்னா கவுச்சி இருக்குது? தண்ணிதானே?"

"சுருட்டு?"

"அது எலைபா. துளசி மாதிரி அதுவும் ஒரு எல" என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊர்ப் பார்களில் இப்படிப்பட்ட கணக்கை அடிக்கடி பார்க்கலாம். குடிக்கவும் புகைக்கவும் சாமி அனுமதி கொடுத்துவிடும், சோற்றுக்கு மட்டும் கொடுக்காது. கேப்டன் மறுபடியும் வந்து, பழமாவது சாப்பிடுங்கள் என்றார். ஏகாம்பரம் கும்பிட்டு அனுப்பிவிட்டார். பீடி குடித்துப் பழகியவர் என்பதால், எத்தனை முறை சொல்லியும் புகையை நெஞ்சுக்குத்தான் இழுத்தார்.

சற்று நேரத்தில் கேட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். தோட்டத்துக் கம்பி வேலி வழியாக கேட் தெரியும். அவருக்கும் மொட்டைத் தலை, சந்தனம், கசங்கிய மஞ்சள் புடவை. குமார் பார்த்துவிட்டார்.

"மாமா, குனி, குனி! அக்கா!"

இருவரும் மேஜைக்கடியில் தலையை விட்டுக்கொண்டார்கள். ஏகாம்பரம் வாயைப் பொத்திச் சிரித்ததில் தோள் குலுங்கியது. வாட்ச்மேன் அந்த அம்மாளிடம், "அப்படி யாரும் இங்க வரலமா. பக்கத்துல டீக்கடையில பாருங்க" என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த வேனுக்குத் திரும்பிப் போனார்.

"நம்பிட்டுப் போவுது" என்றார் குமார். ஏகாம்பரம் தலையைத் தூக்கினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, நிறம் இல்லை.

முதலில் வியர்த்தது. வெயிலில் வருகிற வியர்வை அல்ல. சந்தனம் கரைந்து காதோரமாக வழிகிற அளவுக்கு வியர்வை. பிறகு, என் சட்டை மேலேயே வாந்தி எடுத்தார். சுருட்டு புல்லில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது.

கேப்டன் ஓடி வந்தார். பதறவில்லை. சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார், காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார், சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "பர்வாலேது, ஒண்ணும் இல்ல. சுருட்டு மயக்கம் சார் இது. வெறும் வயித்துல காரச் சுருட்டு ஏறினா இப்படித்தான் வரும். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்." அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி மயங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் காற்றாட உட்கார்ந்தால் எழுந்து நடந்துவிடுவார்கள்.

ஏகாம்பரமும் தண்ணீர் குடித்ததும் கொஞ்சம் தெளிந்தார். குமார் கேலியைக்கூட ஆரம்பித்துவிட்டார். "இன்னா மாமா, எலைதான்னு சொன்ன? எல உன்ன கவுத்துடுச்சே."

"மாரு எரியுது" என்றார் ஏகாம்பரம்.

"புகையை உள்ளே இழுத்தீங்க இல்ல, அதான்" என்றார் கேப்டன்.

"தாடை வலிக்குது."

"அழுத்தி அழுத்தி உறிஞ்சினா தாடை வலிக்கும் சார்."

நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வியர்வைக்குச் சுருட்டில் ஒரு பதில் இருந்தது. வாந்திக்கு இருந்தது. நெஞ்செரிச்சலுக்கு இருந்தது, தாடை வலிக்கும் இருந்தது. ஒவ்வொரு பதிலும் சரியாகப் பொருந்தியது. நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனசு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

அப்போது ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

"எங்க வூட்டுக்காரிய கூப்புடு."

குமார் குனிந்தார். "வேணாம் மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் கொன்னுடும். ரவ நேரத்துல சரியாயிடும்."

"கூப்புடுபா" என்றார் மறுபடியும், என்னைப் பார்த்து.

எனக்கு மருத்துவம் தெரியாது. சுருட்டு மயக்கம் எது, மற்றது எது என்று பிரித்துச் சொல்லும் படிப்பும் இல்லை. எனக்குத் தெரிந்தது பார். அத்தனை வருஷத்தில் குடித்தவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு அழுததைக் கேட்டிருக்கிறேன். முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன். பாரில் உட்கார்ந்துகொண்டு, என் பெண்டாட்டியைக் கூட்டிவா என்று ஒரு ஆண் கேட்டு நான் கேட்டதில்லை. கொஞ்சம் முன்புதான் அதே மனைவிக்குப் பயந்து மேஜைக்கடியில் ஒளிந்தவர் அவர். அவருடைய உடம்புக்குள் ஏதோ அவரிடம் சொல்லியிருக்கிறது, எங்களுக்கு அது கேட்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் கையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"கேப்டன், நான் அந்தம்மாவ கூட்டிக்கினு வரேன்."

"ஏய், நில்லுரா. பொம்பளைய உள்ளே கூட்டி வந்தா பார் என்ன ஆகும்? கொஞ்சம் பார்க்கலாம்."

நான் நிற்கவில்லை. வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார், அதையும் தள்ளிவிட்டுப் போனேன்.

மல்லிகா என்பது அந்த அம்மாளின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. வேனுக்குள் மடியில் லட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க வூட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு."

என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உசுரோட இருக்காரா?" என்று கேட்டார்.

நான் ஆடிப்போய்விட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இருக்காரும்மா. ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"பார் ஆளு தானா வந்து உண்மைய சொன்னா வேற இன்னா நெனைக்கறது?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். லட்டுப் பை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் திரும்பவில்லை.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு பெண் பாருக்குள் நடந்து வந்ததும் எல்லா மேஜைகளிலும் பேச்சு நின்றது. ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே கீழே வைத்தார். மல்லிகா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் புருஷனின் கழுத்தில் கை வைத்தார்.

"மேடம், பயப்படாதீங்க, இது சுருட்டுப் புகையால..." என்று கேப்டன் ஆரம்பித்தார்.

"எங்க வலிக்குது?" என்று புருஷனைத்தான் கேட்டார்.

ஏகாம்பரம் தாடையைத் தொட்டுக் காட்டினார்.

மல்லிகாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "டேய் குமாரு, தூக்குடா. டிரைவர எழுப்பு." பிறகு எங்கள் எல்லாருக்குமாகச் சொன்னார்: "எங்க மாமனாரு இப்படித்தான் தாடைய புடிச்சிக்கினு உக்காந்தாரு. பல்லு வலின்னு நெனச்சி கிராம்பு குடுத்தோம். கிராம்பு வாயில இருக்கும்போதே போயிட்டாரு."

கேப்டன் கையில் இருந்த சர்க்கரைத் தண்ணீர் சிந்தியது. எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு விஷயம் வேப்பமரத்தடி வேனில் உட்கார்ந்திருந்திருக்கிறது. நாங்கள் அதைத்தான், இங்கே யாரும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தோம்.

வேனில் பின்சீட்டில் ஏகாம்பரத்தின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு நானும் போனேன். வழி முழுக்க மல்லிகா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. குமார் மட்டும், "அக்கா, நான்தான் அக்கா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வெளியே வந்த தாளைப் பார்த்ததும் நடையை ஓட்டமாக மாற்றினார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார். வலி வந்து எவ்வளவு நேரம் ஆகிறது, இதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

"சர்க்கரத் தண்ணி குடுத்துக்கினு இருந்தோம்" என்றார் குமார்.

டாக்டரம்மா உள்ளே ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

குமாரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கேப்டன் போன் செய்தார். முதலாளி கேமராவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாராம். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். பிறகு, "அவருக்கு எப்படி இருக்குரா?" என்றார். சொன்னேன். "எல்லாம் சுருட்டு மயக்கம் மாதிரியே இருந்துச்சுரா. ஒண்ணுகூட மாறல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். தெரிந்தவர் சொல்லும் பதில் தவறாகப் போனால் என்ன ஆகும் என்று மட்டும் எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வெறும் மயக்கத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். நெஞ்சு அடைத்ததை மயக்கம் என்று விட்டுவிட்டால், பிறகு செய்ய ஒன்றுமே இருக்காது.

பாரில் என் பையும் போர்வையும் இருந்தன. அவற்றுக்காகத் திரும்பிப் போகவில்லை. நடந்தேன். இருட்டும் நேரத்தில் ஒரு மாங்காய் லாரி நின்று ஏற்றிக்கொண்டது. சித்தூரில் இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் படுத்தேன். காணிப்பாக்கம் போகிற பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தத்தில் விழித்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பார் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. முதலாளி லுங்கியோடு வாசலில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா வேல தெரியும்?"

"பரிமாறுவேன். எந்தச் சுருட்டுக்கு எந்த பீருன்னு ஜோடி போடவும் தெரியும்."

"இங்க சுருட்டா? பீடிக்கும் குவார்ட்டருக்கும் ஜோடி நானே போட்டுக்குவேன்" என்று சிரித்தார். "வாசல்ல நிக்க ஒரு ஆளு வேணும். நிப்பியா?"

அந்த நேரம் என் போன் அடித்தது. மல்லிகாவின் குரல். சுற்றி ஆஸ்பத்திரிச் சத்தம்.

"நெஞ்சுல அடைச்ச எடத்துல கொழாய் வெச்சிட்டாங்கபா. கண்ணு முழிச்சிட்டாரு. இட்லி வேணும்னு கேக்கறாரு. வூட்டுக்குப் போயி சாமி கும்பிட்டுதான் துன்னுவேன்னு சொன்னியே, இப்ப இன்னான்னு கேட்டேன். சாமிக்கு நான் சொல்லிக்கிறேன்றாரு." சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. "அந்த வாட்ச்மேன் மூஞ்சியப் பாத்து நான் நம்பிட்டேன்பா. உண்மையாவே நம்பிட்டேன். நீ வரலன்னா சாயங்காலம் வரைக்கும் வண்டியிலயே உக்காந்திருப்பேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

முதலாளி காத்துக்கொண்டிருந்தார். "யாரு, வூட்லேர்ந்தா? சரி, கேளு. வாசல்ல நிக்கறவனுக்கு ஒரே வேலதான். எவளாவது வந்து எம் புருஷன் உள்ள இருக்கானான்னு கேட்டா..."

"இருந்தா இருக்காருன்னுதான் சொல்லுவேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"முட்டை வேகவைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாசல் பக்கம் தலையே காட்டாத. பின்னால போ."

பின்னால் போனேன். பெரிய அலுமினியக் குண்டானில் முட்டைகளை அடுக்கித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். தீப்பெட்டியை எடுத்தேன். முந்தின நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்த கை இதற்கு மட்டும் ஒத்துழைக்கவில்லை. குச்சியைக் கிழிக்கக் கிழிக்க அணைந்துகொண்டே இருந்தது. மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுப்பே பத்தவைக்கத் தெரியல, முட்டை வேகவைக்க வந்துட்டாரு" என்று சொல்லி, எழுந்து வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.